புதன்கிழமையை ஆங்கிலத்தில் சொல்லுவது எப்படி: நெல்லை வாய்க்கு ஒரு வழிகாட்டி

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். பொன் என்பது வியாழன் கோளுக்கும் பழைய பெயர். வியாழனை மாதக்கணக்கில் இரவு வானில் பார்க்கலாம். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது; அந்தி வெளிச்சத்திலேயே மூழ்கிவிடும். ஆங்கிலத்திலும் புதன் அப்படித்தான் கைக்கு அகப்படாமல் நழுவுகிறது. மாலை நேரத்தில் என் வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) ஆங்கிலம் பேசிப் பழக வருகிறவர்களிடம் முதல் நாள் ஏழு கிழமைகளையும் சொல்லச் சொல்லுவேன். திங்கள் தாண்டிவிடும். செவ்வாய் சுமாராகத் தாண்டும். புதனில் வண்டி பள்ளத்தில் இறங்கும்: 'வெட்னெஸ்டே.'

நான் குடியிருக்கும் பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டம் உண்டு. அந்த அசல் ஆக்ஸ்போர்டில் யாரும் 'வெட்னெஸ்டே' என்று சொல்லுவதில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்கானது. தமிழ் வாய்க்குப் பழக்கமில்லாத நான்கைந்து காரியங்கள் ஒரே சொல்லில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இதை ஒழுங்காகச் சொல்லப் பழகியவர்களுக்கு வேறு நூறு சொற்கள் தாமாகவே வழிக்கு வந்துவிடுகின்றன. ஆலங்குளத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வரும் பெண்கள், பெரும்பாலும் பீடி சுற்றும் தாய்மாரின் மக்கள், படிப்பை முடித்துவிட்டு மருத்துவமனை வரவேற்பு மேசையிலோ கணக்கு அலுவலகத்திலோ முதல் வேலைக்குப் போகிறார்கள். நாள் முழுவதும் தொலைபேசியில் கிழமை சொல்லுவதுதான் அவர்கள் வேலை. அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 23 வயதில் வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எப்போது வேலையில் சேர முடியும் என்று கேட்டார்கள். அடுத்த 'வெட்னெஸ்டே' என்றேன். எதிரே இருந்தவர் அந்தச் சொல்லை அப்படியே ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கணக்குக் கேள்விகளிலும் தடுமாறினேன். என்ன கணக்கு என்பது மறந்துபோயிற்று. அந்தப் பார்வை மறக்கவில்லை.

எழுதுவது ஒன்று, சொல்லுவது ஒன்று

பயிற்சிக்கு முன்னால் ஒரு மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டும். என்னிடம் படிக்க வந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் (பேரன் வெளிநாட்டில் இருக்கிறான், மருமகளோடு ஆங்கிலத்தில் பேச வேண்டிய கட்டாயம்) நேராகவே கேட்டார்: "சார், சொல்லக் கூடாத எழுத்தை எதற்காக எழுதுகிறார்கள்? என் கடையில் பட்டியலில் எழுதிய சாமானை நிறுக்காமல் விட்டால் வாங்குகிறவர் சும்மா போவாரா?"

"அண்ணாச்சி, உங்கள் கடைப் பலகையில் ஊர்ப் பெயர் என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

"திருநெல்வேலி."

"வாயால் சொல்லும்போது?"

அவர் சிரித்துவிட்டார். திருநெல்வேலி என்று எழுதிவிட்டுத் தின்னவேலி என்று சொல்லுகிறவர்கள் நாம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் காதில் விழுந்ததும் அதுதான். அதைத்தான் 'டின்னவெல்லி' என்று பதிவேடுகளில் எழுதிவைத்தார்கள். சேரன்மகாதேவி நம் வாயில் சேர்மாதேவி. வாழைப்பழத்தின் ழகரம் எத்தனை பேர் வாயில் பிழைத்திருக்கிறது என்பதைச் சந்தையில் நின்று கேட்டால் தெரியும். எழுத்து கல்வெட்டுப் போல அப்படியே நிற்கும், பேச்சு தாமிரவருணி போல ஓடிக்கொண்டே இருக்கும். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் வாய் பிளக்கிறோம்.

புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரில் எழுதியும் ஒலிக்காமல் நிற்கும் முதல் 'டி' வந்த கதை சுவையானது. ஜெர்மானியக் குடிகள் வணங்கிய தெய்வம் ஒன்றின் பெயர் வோடன். பழைய ஆங்கிலத்தில் இந்தக் கிழமையின் பெயர் 'வோட்னெஸ்டை', அதாவது வோடனுடைய நாள். நடுவில் இருக்கும் எஸ் நம் 'உடைய' என்னும் உருபின் வேலையைச் செய்கிறது. ரோமானியர் இந்த நாளை மெர்க்குரியின் நாள் என்று அழைத்தார்கள். கிழமைப் பெயர்கள் வடக்கே போனபோது மெர்க்குரிக்கு ஈடாக வோடனை உட்கார வைத்தார்கள். மெர்க்குரி என்ற கோள்தான் நம்முடைய புதன். ஆக, நாம் சொல்லும் புதன்கிழமையும் அவர்கள் சொல்லும் வோடன் கிழமையும் ஒரே கோளின் நாள். நவதிருப்பதிகளில் புதனுக்கு உரியது திருப்புளியங்குடி, நவகைலாயங்களில் தென்திருப்பேரை. இரண்டும் தாமிரவருணிக் கரையிலேயே இருக்கின்றன. ஜோதிடக்காரர்கள் பேச்சுக்கும் கல்விக்கும் புதனைத்தான் அதிபதி என்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச்சு தடுக்குவதும் புதனில்தான் என்பது தற்செயல்; ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஒரு காலத்தில் அந்த 'டி' உண்மையாகவே ஒலித்தது. பிறகு நாக்கு அதை விட்டுவிட்டது, எழுத்து விடவில்லை. கடன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இருக்கும் 'பி' வேறு வகை. அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் படித்தவர்கள் மூலச்சொல்லை நினைவூட்டுவதற்காகப் பின்னால் நுழைத்தார்கள். யாரும் அதை ஒருநாளும் ஒலித்ததில்லை. வோடனின் 'டி' குடியிருந்துவிட்டுப் போன விருந்தாளி. அந்தப் 'பி' வாசல் பலகையில் மட்டும் பெயர் எழுதிக்கொண்ட ஆள்.

தேவையான பொருட்கள்

ஒரு சிறிய கண்ணாடி, குரலைப் பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, தொண்டைக் குமிழின் மேல் வைக்க இரண்டு விரல்கள். தினமும் ஐந்து நிமிடம் போதும். ஒரு புதன்கிழமை தொடங்கினால் அடுத்த புதனுக்குள் வந்துவிடும்.

முதல் படி: இரண்டாக உடையுங்கள்

நம் பழக்கம் மூன்று துண்டு: வெட், னெஸ், டே. சரியான சொல்லில் இரண்டு துண்டுதான். முதல் 'டி'யும், என்-க்குப் பின்னால் வரும் ஈ-யும் ஒலிப்பதில்லை. தோராயமாகத் தமிழில் எழுதினால் 'வென்ஸ் - டே'. இதை மட்டும் செய்துவிட்டு மேலே படிக்காமல் நிறுத்திக்கொண்டாலும் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் கொள்ளுவேன். கிணறு தாண்டுவதில் பாதி என்பதற்கு என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகையால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: பல்லை ஒதுக்கி வையுங்கள்

சொல்லின் முதல் ஒலி டபிள்யூ. இது நம் வகரம் அல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகரத்தைப் பற்றிச் சொல்லுவது நான்கே சொல்: 'பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்.' பல்லும் இதழும் சேர்ந்தால் வகரம். இப்போது 'வண்டி' என்று சொல்லிக் கண்ணாடியைப் பாருங்கள். மேல்பல் கீழுதட்டைத் தொடும். ஆங்கிலத்தில் இது 'வி' என்ற எழுத்தின் ஒலி.

டபிள்யூ ஒலியில் பல்லுக்கு வேலையே இல்லை. இரண்டு உதடுகளும் குவிந்து நிற்க வேண்டும், சூடான சுக்குக் காப்பியை ஊதிக் குடிக்கும்போது குவிவது போல. அந்தக் குவிப்பிலிருந்து உதடுகள் விரிகிற கணத்தில் பிறக்கும் ஒலிதான் டபிள்யூ.

இது தமிழில் இல்லாத ஒலி என்று புத்தகங்கள் சொல்லும். எழுத்தில் இல்லை என்பது சரி. ஆனால் வாயில் இருக்கிறது. 'ஒன்பது' என்று பேச்சுவழக்கில் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். ஒகரத்துக்கு முன்னால் உதடு குவிந்து ஒரு மெல்லிய வகரம் போல ஒன்று கிளம்புகிறதா? 'ஒரு' என்பது 'வொரு' போலக் காதில் விழுகிறதா? கண்ணாடியில் பாருங்கள், பல் படவில்லை. அதுதான் டபிள்யூ. பிறந்தது முதல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒலியைக் கற்றுக்கொள்ள என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

இனிப் பயிற்சி. முதலில் நீளமாக 'உ' என்று உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். நிறுத்தாமல் 'எ'வுக்குப் போங்கள்: உஉஉ-எ. பிறகு உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குங்கள்: உஉ-எ, உ-எ, உஎ. கடைசியில் அதோடு ன் சேருங்கள்: உஎன். பத்துத் தடவை. பல் உதட்டைத் தொட்டால் அந்தத் தடவை கணக்கில் வராது.

இந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். மேற்கு என்பதற்கான ஆங்கிலச் சொல் டபிள்யூவில் தொடங்குகிறது. அதையே பல்லைப் பட வைத்து 'வி'யாகச் சொன்னால் பனியன் என்று பொருள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து குற்றாலத்தில் சாரலைக் கொட்டும் தென்மேற்குக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர் ஒருவரிடம் என் மாணவன் பெருமையாக விவரித்துக்கொண்டிருந்தான். கேட்டவருக்குக் கிடைத்தது தென்பனியன் காற்று. இன்னொன்று: மழையில் நனைந்துவிட்டேன் என்று சொல்லப்போய், நான் கால்நடை மருத்துவர் என்று சொல்லிவிடலாம். அங்கேயும் வித்தியாசம் ஒரு பல்தான்.

டபிள்யூ வந்த மகிழ்ச்சியில் சிலர் எல்லா இடத்திலும் உதட்டைக் குவிக்கத் தொடங்குகிறார்கள். காய்கறிக்கான ஆங்கிலச் சொல்லைக்கூட உதட்டைக் குவித்துச் சொல்லுவார்கள். அது 'வி'யில் தொடங்கும் சொல். அங்கே நம் தொல்காப்பிய வகரமே சரி. கற்றுக்கொண்டதைக் காட்டும் ஆசையில் உள்ளதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் படி: மஞ்சளிலிருந்து எடுங்கள்

இதுதான் கடினமான இடம், ஆகவே இங்கே கொஞ்சம் உட்காருவோம். எழுத்தில் எஸ் இருந்தாலும் ஒலியில் அது இசட். அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒலிக்குறியீட்டைப் பாருங்கள். அங்கே இசட்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை 'ஃஸ்' என்று எழுதுகிறேன்.

நம்மிடம் இசட் இல்லாததால் இரண்டு வகையில் சமாளிக்கிறோம். ஒன்று, வெறும் ஸ் போட்டுவிடுகிறோம். இன்னொன்று, ஜ போடுகிறோம். சுழியத்தை 'ஜீரோ' என்பதும், மிருகக்காட்சிசாலையை 'ஜூ' என்பதும் இரண்டாவது வகை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது சரியான ஒலி.

தொண்டைக் குமிழின் மேல் இரண்டு விரல்களை வையுங்கள். 'மச்சான்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். 'ச்ச' வரும்போது தொண்டையின் அதிர்வு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்குவது விரலுக்குத் தெரியும். இப்போது 'மஞ்சள்'. அதிர்வு எங்கேயும் நிற்காது. ஒரே சகரம்தான் எழுதுகிறோம், ஆனால் ஞகரத்துக்குப் பின்னால் வரும்போது நம் வாய் தானாகவே அதற்கு அதிர்வு ஏற்றிவிடுகிறது. இஞ்சி, பஞ்சு, நெஞ்சு எல்லாம் அப்படித்தான். சங்கில் ககரமும், பந்தில் தகரமும், பம்பரத்தில் மகரத்தை அடுத்து வரும் பகரமும் அதே போல.

இந்த ஒழுங்கைத் தெளிவாக எழுதி வைத்தவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். அயர்லாந்தில் 1814இல் பிறந்து, 1841 முதல் இடையன்குடியில் குடியிருந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வல்லினம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு இடையிலும் மென்மையாகவும் ஒலிப்பதை விளக்குகிறார். தேரிமணல் ஊரில் உட்கார்ந்து, நாம் கவனிக்காமலே செய்துகொண்டிருந்ததைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அவர் நம் ஒலியைக் கேட்டதில் கால்பங்குக் கவனத்தோடு அவர்கள் ஒலியை நாம் கேட்டால் போதும்.

புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரில் அந்த எஸ் எங்கே இருக்கிறது? ன் என்ற மெல்லினத்துக்கு அடுத்து. மஞ்சளில் சகரம் இருக்கும் அதே நிலை. ஆகவே நம் வாயின் பழைய பழக்கமே இங்கே துணைக்கு வரும். ஞ்ச என்று சொல்லும்போது தொண்டையில் நிற்காமல் ஓடிய அதிர்வை அப்படியே வைத்துக்கொண்டு ன்-லிருந்து ஸ்-க்குப் போக வேண்டும்.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள். குக்கர் ஆவி விடுவது போல 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நான்கு விநாடி இழுங்கள். நாக்கையும் பல்லையும் கொஞ்சமும் அசைக்காமல் தொண்டையை மட்டும் முடுக்கி விடுங்கள். ஆவி வண்டின் ரீங்காரமாக மாறும். காதைப் பொத்திக்கொண்டால் தலைக்குள் கும்மென்று கேட்கும். அதுதான் இசட். ஸ்ஸ்ஸ்-ஃஸ்ஸ்ஸ்-ஸ்ஸ்ஸ்-ஃஸ்ஸ்ஸ் என்று ஒரே மூச்சில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இது 'ஜ்' ஆகிவிட்டால் என்ன செய்வது? ஜகரத்தில் நாக்கு மேலே முட்டி அடைத்து விலகுகிறது. இசட்டில் நாக்கு எங்கேயும் முட்டக் கூடாது. காற்று போக ஓர் ஊசி இடைவெளி எப்போதும் திறந்திருக்க வேண்டும். சோதனை எளிது: ஜகரத்தை இழுத்துக்கொண்டே இருக்க முடியாது, இசட்டை மூச்சு இருக்கும் வரை இழுக்கலாம். இழுக்க முடியவில்லை என்றால் அது ஜ்.

பிறகு சேர்ப்பு: உஎன்ன்ன்-ஃஸ்ஸ்ஸ். நடுவில் உயிரெழுத்து எதுவும் நுழையக் கூடாது. 'வெனுசு' என்று ஆகிவிடுவது நம் பழக்கம். மெய்கள் நெருங்கி நின்றால் நடுவில் ஓர் உயிரைத் திணித்து இளைப்பாறுவது தமிழின் வழி. ரத்னத்தை இரத்தினம் ஆக்கியவர்கள் நாம். அது நம் மொழிக்கு அழகு. அழகைக் கொஞ்ச நேரம் தார்சாவில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

நான்காம் படி: நாக்கை மடக்காதீர்கள்

அடுத்து வரும் 'டி' நம் டகரம் அல்ல. டகரத்துக்கு நாக்கின் நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ஆங்கில 'டி'க்கு நாக்கு வளைவதில்லை. மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் ஈறுமேட்டை நுனியால் தொட்டு விலகுகிறது.

அந்த இடம் தெரியவில்லையா? 'மன்னன்' என்று சொல்லி ன்ன்-இல் நில்லுங்கள். நாக்கு நிற்கும் இடம் அதுதான். இப்போது 'மண்ணில்' என்று சொல்லி ண்ண்-இல் நில்லுங்கள். நாக்கு பின்னால் போய்விட்டது, அது நம் டகரத்தின் இடம். பிறப்பியலில் 'அணரி நுனிநா அண்ணம் ஒற்ற றஃகான் னஃகான் ஆயிரண்டும் பிறக்கும்' என்று றகரத்தையும் னகரத்தையும் ஒரே இடத்தில் பிறக்க வைக்கிறார் தொல்காப்பியர். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டால் போதும்: ன் பிறக்கும் இடத்திலேயே ஆங்கில 'டி'யையும் பிறக்க வையுங்கள்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. என், இசட், டி மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்து ஒலிகள். நாக்கு ஈறுமேட்டைத் தொட்டால் என், மயிரிழை விலகினால் இசட், மறுபடி தொட்டால் டி. அசைவே இல்லாத அசைவு. 'வெட்னெஸ்டே' என்று சொல்லும்போதோ நாக்கு பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போக வேண்டியிருக்கிறது. தவறாகச் சொல்லுவதுதான் உண்மையில் கூடுதல் உழைப்பு என்பதை இந்தப் படிக்கு வந்த பிறகுதான் மாணவர்கள் நம்புகிறார்கள்.

ஐந்தாம் படி: ஏகாரத்தின் வால்

கடைசி ஒலி நம் ஏகாரம் போல ஒரே நிலையில் நிற்காது. 'எ'யில் தொடங்கி 'இ'யை நோக்கி வழுக்கும். 'டெய்' என்று எழுதிக்கொள்ளுங்கள். இதில் ஒன்றும் கஷ்டமில்லை. வாலைச் சுருக்கி 'டி' என்று முடிக்கிற ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள். அகராதிகள் அதையும் ஏற்கின்றன. நீங்கள் 'டெய்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வில்லும் குடமும்

ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் சொல் தட்டையாகக் கேட்டால் காரணம் அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை பணிந்துவிடும். இந்தச் சொல்லில் ஓங்குவது முதல் அசை. அகராதியின் ஒலிக்குறியீட்டில் அதற்கு முன்னால் மேலே ஒரு சிறிய செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள்.

கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். வீசுகோல் வில்லின் நாணில் ஓங்கி விழுகிறது. கூடவே குடத்தில் ஓர் அடி அடங்கி விழுகிறது. முதல் அசை வில், இரண்டாவது குடம். தொடையில் கையால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: ஓங்கிய அடிக்கு உஎன்ஃஸ், மெதுவான அடிக்கு டெய். வில்லடி கொஞ்சம் நீளமாகவும் இருக்கட்டும்.

சரியாக வந்துவிட்டதா?

கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். உடனே கேட்காமல் மறுநாள் காலையில் கேட்டால் நல்லது. அப்போதுதான் அது வேறொருவர் குரல் போலக் கேட்கும். பிறகு அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேட்டு ஒப்பிடுங்கள்.

குரலைக் கேட்டு எழுதும் வசதியை நம்பிச் சிலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் 'வெட்னெஸ்டே' என்றாலும் அது சரியாகவே எழுதிவிடும். நம் ஊரில் வழி சொல்லுகிறவர்களைப் போல அதற்கு இரக்க குணம் அதிகம். பாதி சொல்லும்போதே மீதியை ஊகித்துக்கொள்ளும். அதைச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும் என்றால், நனைந்த என்பதற்கும் கால்நடை மருத்துவருக்கும் உரிய அந்த இரண்டு சொற்களைத் தனித்தனியாக, முன்பின் சொல் எதுவும் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். ஊகிக்க இடம் இல்லாதபோது கருவி உண்மையைச் சொல்லும்.

தனிச்சொல்லாக வந்ததும் தொடரில் வையுங்கள். 'ஆன் உஎன்ஃஸ்டெய்' என்பது எளிது. 'நெக்ஸ்ட் உஎன்ஃஸ்டெய்' என்பதில் முதல் சொல்லுக்குப் பின்னால் 'நெக்ஸ்ட்டு' என்று ஓர் உகரம் ஒட்டும். தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது; காசு, நாடு, எஃகு என்று குற்றியலுகரம் கொடுத்து இறக்கி வைப்போம். பஸ்ஸு, காலேஜு எல்லாம் அதனால்தான். அந்த உகரத்தை விழுங்கிவிட்டு, அதே இடத்தில் டபிள்யூவுக்காக உதட்டைக் குவியுங்கள். உகரத்துக்கும் டபிள்யூவுக்கும் உதட்டின் வடிவம் ஒன்றுதான் என்பதால் பழைய பழக்கம் புதிய ஒலிக்குள் கரைந்துவிடும்.

எழுதும்போது மட்டும் பழைய பாட்டு

இவ்வளவு தூரம் வந்து 'வெட்னெஸ்டே'யை அடியோடு மறந்துவிடாதீர்கள். எழுதும்போது வெட்-னெஸ்-டே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் எழுத்துப்பிழை வராது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே எழுத்துக்கூட்ட இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். நம் பள்ளிகளிலும் வாத்தியார்கள் எழுத்துக்காகச் சொல்லித் தந்ததைத்தான் நாம் பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம் என்பது என் ஊகம். கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகள்

'டி'யை ஒலிக்கும் ஆங்கிலேயர்களும் உண்டு. பிரிட்டனில் அப்படிச் சொல்லுகிறவர்கள் இருப்பதை அகராதிகளே குறிக்கின்றன. எங்கேயாவது கேட்டுவிட்டு, நான் சொன்னது பொய் என்று வர வேண்டாம். அவர்கள் சொல்லுவதிலும் இசட் இருக்கும், டபிள்யூ இருக்கும், முதல் அசை ஓங்கும். நம் மூன்று துண்டு உச்சரிப்பு அதுவும் அல்ல.

ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டும் என்று நான் யாரையும் தூண்டவில்லை. மூக்கால் பேசுவது, ரகரத்தை உருட்டி விழுங்குவது போன்ற வித்தைகள் என் தார்சாவில் கிடையாது. நெல்லைச் சீமையின் ஏற்ற இறக்கம் உங்கள் ஆங்கிலத்தில் கேட்டால் கேட்கட்டும். சொல் எதிராளிக்குத் தடையில்லாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் தாத்தாவோ சித்தியோ 'வெட்னெஸ்டே' என்றால் திருத்தாதீர்கள். ஒரு மாணவி முதல் வாரத்திலேயே தன் அப்பாவைப் பந்தியில் வைத்துத் திருத்திவிட்டாள். அவர் அன்றிலிருந்து அவள் முன்னால் ஆங்கிலச் சொல் எதையும் எடுப்பதில்லை, பஸ்ஸையும் டிக்கெட்டையும் தவிர. எனக்கு ஒரு மேசைக்கு அப்பாலிருந்து கிடைத்த பார்வையை அவள் தன் வீட்டிலேயே கொடுத்துவிட்டாள்.

தொலைபேசியில் கிழமை சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் செவ்வாயும் வியாழனும் இரைச்சலில் ஒன்று போலக் கேட்கும். நோயாளி இரண்டு நாள் தள்ளி வந்து நிற்பார். புதனுக்கு அந்தக் குழப்பம் குறைவு.

அந்தச் செவ்வாயையும் வியாழனையும் அடுத்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நடுவில் இருக்கும் எஸ் இதே இசட்தான், அடுத்து வரும் 'டி'யும் இதே ஈறுமேட்டு 'டி'தான், கடைசி வாலும் இதேதான். வியாழனின் முதல் ஒலிக்கு மட்டும் நாக்கின் நுனி பல்லுக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியை அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.